ரிக் வேலைக்குப் போகும் ஃபிட்டர் தம்பிக்கு: பம்பைத் திறக்குமுன் தெரிந்திருக்க வேண்டியவை

கேள்வி: எனக்கு வயது 26. ஐ.டி.ஐ. ஃபிட்டர். வீடு திருவொற்றியூர். நாலு வருஷமாக மணலியில் ஷட்டவுன் வேலைகளில் கான்ட்ராக்ட் ஆளாக இருக்கிறேன். காக்கிநாடா கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் ஒரு ஜாக்-அப் ரிக்கில் (கால்களைக் கடல்தரையில் ஊன்றி நிற்கும் மேடை) மெக்கானிக் ஹெல்பர் வேலை வந்திருக்கிறது. 28 நாள் கடலில், 28 நாள் வீட்டில். ரிக் ஒன்று பற்றி எரியும் வீடியோவை யாரோ அம்மாவுக்கு அனுப்பிவிட்டார்கள். போகவே கூடாது என்று அழுகிறார். உண்மையில் அங்கே என்ன மாதிரி விபத்துகள் நடக்கின்றன? ஆள் எடுக்கும் ஏஜென்ட், "ட்ரெயினிங் சர்டிஃபிகேட்ட நாங்களே ரெடி பண்ணிடுறோம், நீ கிளாஸுக்கெல்லாம் போக வேணாம்" என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா? பெர்மிட் (வேலைக்கான எழுத்து அனுமதி) இல்லாமல் ஒரு வேலையைச் செய்யச் சொன்னால் ஹெல்பராக இருக்கும் நான் மறுக்க முடியுமா?

பதில்:

தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. அந்தச் சர்டிஃபிகேட்டை வாங்காதீர்கள். ஏன் என்பதை ஹெலிகாப்டர் பற்றிச் சொல்லும்போது விளக்குகிறேன்.

அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு நீங்கள் தீயைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஆபத்து கண்ணில் படாது. மெக்கானிக் ஹெல்பருக்குப் பெரும்பாலும் வினையாக வருவது அடங்கிக் கிடக்கும் விசைதான். பைப்புக்குள் நிற்கும் பிரஷர், க்ரேனில் தொங்கும் பாரம், உயரத்தில் மறந்துவைத்த ஸ்பேனர், எங்கோ ஒரு ரூமிலிருந்து யாரோ ஸ்டார்ட் பண்ணிவிடக்கூடிய மோட்டார். பார்ப்பதற்கு எல்லாம் சும்மா கிடப்பது போலத்தான் இருக்கும். அதன் நிலை என்னவென்று தெரியாமல் ஒருவர் கைவைக்கிறார், அல்லது அவர் கைவைத்திருப்பது தெரியாமல் இன்னொருவர் பட்டனை அழுத்துகிறார். பெரிய தீ விபத்துகளைப் பிரித்துப் பார்த்தாலும் பல சமயம் அடியில் இதுதான் கிடக்கிறது.

1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா பிளாட்ஃபார்ம் எரிந்து 167 பேர் இறந்தார்கள். உங்களுக்கு வந்த வீடியோவும் அதுவாக இருக்கலாம். அந்தத் தீ தொடங்கிய இடம் ஒரு ஃபிட்டர் வேலை. கண்டன்சேட் (வாயுவிலிருந்து பிரியும் இலகு எண்ணெய்) பம்ப்புகள் இரண்டில் ஒன்றைப் பராமரிப்புக்காக நிறுத்தியிருந்தார்கள். பிரஷர் மிஞ்சினால் திறந்துவிடும் அதன் ரிலீஃப் வால்வைச் சோதனைக்காகக் கழற்றிவிட்டு, திறந்திருந்த வாயில் ஒரு பிளைண்ட் ஃபிளாஞ்சை (துளையில்லாத மூடித் தகடு) வைத்திருந்தார்கள். கசிவு தாங்கும் அளவுக்கு அது இறுக்கப்படவில்லை. மாலைக்குள் வால்வைத் திரும்ப மாட்ட முடியவில்லை. பம்ப்புக்கு ஒரு பெர்மிட், வால்வுக்குத் தனியாக ஒரு பெர்மிட். இரண்டும் ஒரே இடத்தில் வைக்கப்படவில்லை. இரவு ஷிஃப்டில் ஓடிக்கொண்டிருந்த இன்னொரு பம்ப் ட்ரிப் ஆகி நின்றுபோனது. அங்கிருந்தவர்கள் பம்ப்பின் பெர்மிட்டை மட்டும் பார்த்தார்கள். பெரிய வேலை இன்னும் தொடங்கவில்லை, ஆகவே ஓட்டலாம் என்று நினைத்தார்கள். வால்வு இருந்த இடமோ பம்ப் பக்கத்தில் நின்றால் தெரியாதபடி மேலே இருந்தது. பம்ப்பை ஓட்டினார்கள். வாயு பீறிட்டது. கடலில் டைவர்கள் வேலை செய்ததால் தீயணைப்புப் பம்ப்புகளை ஆட்டோவிலிருந்து மாற்றிக் கையால் இயக்கும் நிலையில் வைத்திருந்தார்கள். தீ வந்தபோது அவற்றை ஓட்ட ஆள் போய்ச் சேர முடியவில்லை.

மணலியில் நீங்கள் எத்தனை பிளைண்ட் போட்டிருப்பீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். "தற்காலிகம்தானே, ரெண்டு போல்ட் போதும்" என்று யாராவது சொல்லிக் கேட்டும் இருப்பீர்கள். ரிக்கில் அந்தப் பேச்சுக்கு இடமே கொடுக்காதீர்கள். பிளைண்ட் போட்டால் சரியான ரேட்டிங்கில் போடுங்கள். புது காஸ்கெட், எல்லா போல்ட்டும், முழு டார்க். போட்ட இடத்தில் டேக். அந்த டேக்கின் எண் பெர்மிட்டில் இருக்க வேண்டும். ஷிஃப்ட் முடிந்து போகும்போது, வேலை பாதியில் நின்றிருக்கிறது என்பதை உங்களுக்குப் பதிலாக வருபவரை அந்த இடத்துக்கே கூட்டிக்கொண்டு போய் விரலால் காட்டிவிட்டு வாருங்கள். நோட்டில் எழுதினால் போதாது, வாயால் சொன்னாலும் போதாது.

இனி உங்கள் வேலை. ரிக் மெக்கானிக் ஹெல்பரின் நேரத்தில் பெரும்பகுதி, துளையிடும்போது கிணற்றுக்குள் செலுத்தும் சேற்றுக் கலவையான மட்டைத் தள்ளும் மட் பம்ப் ரூமில் போகும். மூன்று சிலிண்டர் பம்ப், 5,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற பிரஷர் அளவு) வரை அல்லது அதற்கும் மேல் தள்ளும். லைனர், பிஸ்டன், வால்வு, வால்வு சீட் ஆகியவை தேய்ந்துகொண்டே இருக்கும், நீங்கள் மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். பம்ப்பை ஓட்டுகிற டிரில்லர் (துளையிடும் வேலையை இயக்குபவர்) அங்கே இல்லை. அவர் டிரில் ஃப்ளோரில், ஒரு கேபினுக்குள் இருக்கிறார். உங்கள் கை சிலிண்டருக்குள் இருப்பது அவருக்குத் தெரியாது.

அதனால் வரிசை இப்படி இருக்க வேண்டும். முதலில் டிரில்லரிடம் நேரில் போய், எந்த எண் பம்ப் என்று சொல்லி, அவர் அதைத் திருப்பிச் சொல்லக் கேளுங்கள். ஒன்றாம் பம்ப்பை நிறுத்திவிட்டு இரண்டாம் பம்ப்பைத் திறப்பது எல்லா இடத்திலும் நடக்கும் தவறு. பிறகு எலக்ட்ரீஷியன் பிரேக்கரை எடுத்ததும் உங்கள் சொந்தப் பூட்டை அதில் போடுங்கள். உங்கள் பூட்டு, உங்கள் பெயர் எழுதிய டேக், சாவி உங்கள் பாக்கெட்டில். நாலு பேர் வேலை செய்தால், பல பூட்டுகள் மாட்டும் கொண்டியான ஹாஸ்ப்பில் நாலு பூட்டு. மெக்கானிக் போட்டிருக்கிறாரே, அது எனக்கும் சேர்த்துத்தான் என்று இருக்காதீர்கள். பம்ப்புக்குத் தீனி கொடுக்கும் சார்ஜ் பம்ப்பும், லைனரைக் கழுவும் சிறிய பம்ப்பும் தனித்தனி மோட்டார்கள். பெரிய மோட்டாரைப் பூட்டிவிட்டு இவற்றை மறப்பவர்கள் உண்டு. பூட்டிய பிறகு டிரில்லரை ஸ்டார்ட் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஓடவில்லை என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் பூட்டு சரியான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது பிரஷர். டிஸ்சார்ஜ் வால்வை மூடி, பிரஷரை வெளியே விடும் பிளீட் வால்வைத் திறந்து, திறந்தபடியே விடுங்கள். கேஜ் பூஜ்யம் காட்டுகிறது என்பதை மட்டும் நம்பவேண்டாம். மட்டில் கலந்திருக்கும் பேரைட் தூள் கேஜின் வாயில் கட்டியாக உறைந்து அடைத்துவிடும். உள்ளே பிரஷர் இருக்கும், முள் பூஜ்யத்தில் நிற்கும். பிளீட் வால்வின் வாயும் அதேபோல அடைபடும். ஆகவே பிளீட்டிலிருந்து திரவம் வந்து, குறைந்து, நின்றதைப் பார்த்தீர்களா என்பதுதான் கேள்வி. திறந்ததும் ஒன்றுமே வரவில்லை என்றால் பிரஷர் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அடைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கவரைக் கழற்றும்போது நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று கழற்றுங்கள்.

பம்ப்பின் மேல் உருண்டையாக உட்கார்ந்து, பிரஷர் துடிப்பைத் தணிக்கும் பல்சேஷன் டாம்ப்பனரைத் தனியாகச் சொல்ல வேண்டும். மட் லைன் முழுவதும் காலியாக இருந்தாலும் அதற்குள் அடைத்த நைட்ரஜன் பல நூறு பி.எஸ்.ஐ.யில் அப்படியே இருக்கும். வாயுவை முழுதாக வெளியே விட்ட பிறகே அதன் மூடியில் ஸ்பேனர் வைக்கலாம். திரும்ப நிரப்பும்போது நைட்ரஜன் மட்டும்தான். காற்றோ ஆக்சிஜனோ போட்டால் எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து வெடிக்கும். சிலிண்டரின் நிறத்தை மட்டும் பார்க்காமல் லேபிளைப் படியுங்கள். கிணறு பொங்கினால் அதன் வாயை அடைக்கும் கருவியான பி.ஓ.பி.யை மூடுவதற்கான ஹைட்ராலிக் யூனிட்டில் வரிசையாக நிற்கும் அக்குமுலேட்டர் பாட்டில்களுக்கும் இதே விதி. பொதுவாக அவற்றில் 1,000 பி.எஸ்.ஐ. நைட்ரஜனும், அதன்மேல் 3,000 பி.எஸ்.ஐ. வரை எண்ணெயும் இருக்கும்.

இந்த வேலையில் ஆள் அடிபடும் தருணம் ஒன்று உண்டு, நன்றாக நினைவில் வையுங்கள். பிஸ்டன் ராடைக் கழற்ற அது ஒரு குறிப்பிட்ட இடத்தில் வந்து நிற்க வேண்டும். வரவில்லை என்றால் பம்ப்பைக் கொஞ்சம் சுற்றச் சொல்வார்கள். அதற்காகப் பூட்டை எடுப்பார்கள். சுற்றும். நிற்கும். "இன்னொரு தடவை வேணுமோ என்னவோ" என்று பூட்டைத் திரும்பப் போடாமலே கையை உள்ளே விடுவார்கள். ஒவ்வொரு முறை சுற்றிய பிறகும் பூட்டு திரும்பப் போக வேண்டும். பத்து முறை சுற்றினால் பத்து முறை. அலுப்பாக இருக்கும், அரைமணி நேரம் கூடும். பரவாயில்லை.

ரிலீஃப் வால்வு பற்றியும் ஒரு வார்த்தை. மட் பம்ப்பின் ரிலீஃப் வால்வு பெரும்பாலும் ஷியர் பின் வகை. குறிப்பிட்ட பிரஷரில் ஒரு சிறு பின் அறுந்து வால்வு திறக்கும். அடிக்கடி அறுகிறது என்று அந்த இடத்தில் வெல்டிங் ராடு துண்டையோ தடித்த ஆணியையோ செருகுவது பழைய, மிக மோசமான பழக்கம். அப்படி ஒன்றைப் பார்த்தால் பம்ப்பை ஓட்டவிடாதீர்கள். லைனர் அளவு மாறினால் அனுமதிக்கப்பட்ட பிரஷரும் மாறும், பின் பொருத்தும் துளையும் மாறும். வால்வில் இருக்கும் தகட்டைப் படித்துவிட்டுப் பொருத்துங்கள்.

ஹை பிரஷர் லைன்களைச் சுத்தியலால் அடித்து இறுக்கும் யூனியன்களால் இணைப்பார்கள். 2 அங்குல யூனியன்களில் 602 என்ற வகை 6,000 பி.எஸ்.ஐ.க்கானது, 1502 வகை 15,000 பி.எஸ்.ஐ.க்கானது. கொடுமை என்னவென்றால், 1502-ன் இறகு நட் 602-ன் மறையில் ஏறிவிடும். இறுகியது போலவும் தோன்றும். ஆனால் மறைகளுக்குள் பிடிப்பு போதாது. பிரஷர் ஏற்றும்போது பிய்த்துக்கொண்டு போகும். 2 அங்குலத் துவாரத்தில் 5,000 பி.எஸ்.ஐ. என்றால் சுமார் 7 டன் தள்ளும் விசை. அந்த இரும்புத் துண்டு போகும் வழியில் நின்றவர் பிழைக்கமாட்டார். இரண்டு பாதிகளிலும் பொறித்திருக்கும் எண்ணைப் படிக்க வேண்டும். பெயின்ட் மூடியிருந்தால் சுரண்டிப் படிக்க வேண்டும். தேறுமா தேறாதா என்று சொல்லும் கோ-நோகோ கேஜ் இருந்தால் வைத்துப் பார்க்க வேண்டும். எண் தெரியாத யூனியன் ஸ்க்ராப்புக்குப் போக வேண்டும். ஹோஸ்களுக்கு இரு முனையிலும் பாதுகாப்புச் சங்கிலியோ விப் செக்கோ (ஹோஸ் பிய்ந்தால் வீசாமல் பிடிக்கும் கம்பிக் கயிறு) கட்டியிருக்க வேண்டும். லைனில் பிரஷர் இருக்கும்போது சொட்டுகிறதே என்று சுத்தியலை எடுக்கவே கூடாது. பிரஷரை இறக்கி, பிறகு இறுக்கி, மறுபடி ஏற்றுவதுதான் முறை. டெஸ்ட் பண்ணும்போது தண்ணீரில் பண்ணுகிறார்களா, காற்றிலா நைட்ரஜனிலா என்று கேளுங்கள். தண்ணீர் அதிகம் சுருங்காது, அதனால் அதில் தேங்கும் விசை குறைவு. வாயுவில் அதே பிரஷருக்குப் பல மடங்கு தேங்கும். தடுப்புக் கயிறு கட்டிய எல்லைக்குள் யாரும் போகக்கூடாது, கசிவைப் பார்க்கவும்கூட.

நீங்கள் மெக்கானிக் ஹெல்பர் என்றாலும், சரக்குப் படகு வரும் நாளில் டெக்குக்கு உதவிக்குக் கூப்பிடுவார்கள். ரிக்கில் க்ரேன் வேலையும் கரையில் பார்த்த க்ரேன் வேலையும் ஒன்றல்ல. ரிக் நிற்கிறது, படகு ஏறி இறங்குகிறது. கொக்கி மாட்டியதும் படகு அலையில் இறங்கினால் பாரம் முழுவதும் ஒரே இழுப்பில் க்ரேனில் விழும். தூக்கியது போதாமல் படகு மேலே வந்தால், தொங்கும் கன்டெய்னரைக் கீழிருந்து படகே மோதும். இதனால்தான் க்ரேன் கேபினில் இருக்கும் சுமை அட்டவணை அலையின் உயரத்துக்குத் தகுந்தபடி அனுமதிச் சுமையைக் குறைத்துக்கொண்டே போகும். கரையில் 10 டன் தூக்கிய க்ரேன் அலையிலும் 10 டன் தூக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஸ்லிங்கின் கோணத்தை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 4 டன் பாரத்தை இரண்டு கால் ஸ்லிங்கில் தூக்குகிறீர்கள். படுக்கைவாட்டிலிருந்து 60 டிகிரியில் இருந்தால் ஒவ்வொரு காலிலும் சுமார் 2.3 டன். 45 டிகிரியில் 2.8 டன். 30 டிகிரிக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொரு காலும் முழு 4 டன்னைத் தாங்க வேண்டும். ஸ்லிங் நீளம் பத்தவில்லை என்று விரித்துப் போட்டுத் தூக்கும்போது அறுவது இதனால்தான். கம்பிக் கயிறு ஸ்லிங்கில், ஒரு முறுக்கு நீளத்துக்குள் அங்கங்கே 10 கம்பிகள் அறுந்திருந்தாலும், ஒரே புரியில் 5 அறுந்திருந்தாலும் ஒதுக்கிவிட வேண்டும். மடங்கியது, நசுங்கியது, புரி பிரிந்து கூண்டுபோல் வீங்கியது, வெல்டிங் சூடு பட்டது எல்லாமே கழிவு. தகடு விழுந்துபோன ஸ்லிங் புதிதாகவே இருந்தாலும் பயன்படுத்தக் கூடாது. ரிக்கில் தூக்கும் சாமான்களுக்கு நடப்புக் காலத்துக்கான ஒரு நிறம் அடித்திருப்பார்கள். அந்த நிறம் எது என்று ஏறிய முதல் நாளே கேட்டு வையுங்கள். பழைய நிறம் இருந்தால் பரிசோதனை காலாவதி.

தொங்கும் பாரத்தைத் திருப்பிப் பிடிக்கும் கயிறான டேக் லைனைக் கையிலோ இடுப்பிலோ சுற்றாதீர்கள். முனையில் முடிச்சும் வேண்டாம், எங்காவது மாட்டிக்கொள்ளும். பாரத்துக்கும் சுவருக்கும் நடுவில், இரண்டு கன்டெய்னர்களுக்கு நடுவில் நிற்காதீர்கள். தப்பித்துப் போக இரண்டு வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். சிக்னல் கொடுப்பவர் ஒருவர்தான். ஆனால் நிறுத்து என்ற சைகையை யார் காட்டினாலும் க்ரேன் ஆபரேட்டர் நிறுத்த வேண்டும். அது உங்களுக்கும் உள்ள உரிமை.

உயரத்திலிருந்து விழும் பொருட்களைப் பற்றி ஒரே ஒரு கணக்கு. அரைக் கிலோ சுத்தியல் 40 மீட்டர் உயர டெரிக்கிலிருந்து (துளையிடும் கோபுரம்) விழுந்தால் கீழே வரும்போது மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம், சுமார் 200 ஜூல் ஆற்றல். ஹெல்மெட் போட்டவருக்கே 40 ஜூலைத் தாண்டினால் பதிவுசெய்ய வேண்டிய அளவுக்கோ அதைவிட மோசமாகவோ காயம் வரலாம் என்பது துறையில் பொதுவாகக் கொள்ளும் அளவு. உயரத்துக்குக் கொண்டுபோகும் ஒவ்வொரு கருவிக்கும் கயிறு கட்டுங்கள், போகும்போதும் வரும்போதும் எண்ணுங்கள். கைவிரல்கள் போவது இதைவிடச் சாதாரணம். பைப்பைத் திருகும் டாங்ஸ், அதைப் பிடித்து நிறுத்தும் ஸ்லிப்ஸ், பைப் இடுக்குகள் பக்கம் டிரில் ஃப்ளோர் ஆட்கள் கூப்பிடாமல் போகாதீர்கள்.

வாயு விஷயத்தில், ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். 100 பி.பி.எம். பக்கம் போனால் மூக்கு மரத்து அந்த நாற்றமே தெரியாமல் போகும் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் உயிர் பிழைக்கலாம். நாற்றம் நின்றுவிட்டது, வாயு போய்விட்டது என்று நினைப்பவர் அங்கேயே விழுவார். காற்றைவிடக் கனமானது, தாழ்ந்த இடத்தில் தங்கும். அலாரம் அடித்தால் திசை காட்டும் காற்றுப்பையைப் பார்த்து, காற்றுக்குக் குறுக்காகவோ காற்று வரும் திசையை நோக்கியோ போய், உயரமான இடம் சேருங்கள். மட் டேங்க்குக்குள் இறங்குவதானால் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், வெளியே ஒரு காவல் ஆள் நிற்க வேண்டும். சென்னையில் கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்தவரைக் காப்பாற்ற இறங்கி அடுத்தவரும் இறந்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். டேங்க்குள் ஒருவர் சுருண்டு விழுந்தால் மூச்சுக்கருவி இல்லாமல் இறங்காதீர்கள். கூடப் பிறந்தவராக இருந்தாலும்.

கிணறே பொங்கிவரும் புளோ-அவுட் பற்றி நீங்கள் தீர்மானிக்க வேண்டியது அதிகமில்லை, அது டிரில்லர், அவருக்கு மேலதிகாரியான டூல் புஷரின் பொறுப்பு. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசனில் 11 பேர் இறந்ததற்கு முன்னால், கிணறு அடைபட்டிருக்கிறதா என்று பார்க்கும் பிரஷர் சோதனையின் முடிவைத் தவறாகப் படித்தார்கள். கடைசிக் காவலாக இருந்த பி.ஓ.பி.யும் பைப் வளைந்து நடுவிலிருந்து விலகியிருந்ததால் முழுதாக வெட்டி அடைக்கவில்லை. உங்கள் பங்கு என்ன? மட் தேங்கும் தொட்டியான மட் பிட்டில் காரணமில்லாமல் மட்டம் ஏறுவதைப் பார்த்தால் உடனே டிரில்லருக்குச் சொல்லுங்கள். தவறாகச் சொல்லிவிடுவோமோ என்று தயங்காதீர்கள். பி.ஓ.பி. யூனிட்டில் ஒரு சொட்டு ஹைட்ராலிக் எண்ணெய் கசிந்தாலும் துடைத்துவிட்டுப் போகாமல் எழுதி வையுங்கள்.

இனி ஹெலிகாப்டரும் சர்டிஃபிகேட்டும். 2022 ஜூன் 28 அன்று மும்பைக் கடலில் சாகர் கிரண் ரிக் அருகே ஒரு ஹெலிகாப்டர் கடலில் இறங்க வேண்டியதாயிற்று. அதில் இருந்த 9 பேரில் 4 பேர் இறந்தார்கள். ஹெலிகாப்டரில் கனமெல்லாம் மேலே இருப்பதால் தண்ணீரில் பட்டதும் கவிழும் வாய்ப்பு அதிகம். தலைகீழாக, இருட்டில், மூக்கில் தண்ணீர் ஏற, எது மேலே எது கீழே என்று தெரியாது. அப்போது செய்ய வேண்டியவை மூன்று. ஒரு கையை ஜன்னல் விளிம்பிலேயே வைத்திருக்க வேண்டும். சுழற்சி நின்றதும் ஜன்னலைத் தள்ளிவிட்டு, அதற்குப் பிறகே பெல்ட்டைக் கழற்ற வேண்டும். லைஃப் ஜாக்கெட்டை வெளியே வந்த பிறகே ஊத வேண்டும், உள்ளே ஊதினால் மேலே போய் ஒட்டிக்கொண்டு வெளியே வரவே முடியாது. படிக்கும்போது எளிதாக இருக்கிறதல்லவா? நீச்சல் குளத்தில் ஒரு கூண்டுக்குள் கட்டி உட்காரவைத்துக் கவிழ்த்தால், முதல் முறை நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் பெல்ட்டைத்தான் முதலில் கழற்றுவார்கள். கழற்றியதும் மிதந்து திசை தெரியாமல் போவார்கள். அந்தப் பழக்கத்தை உடைக்கத்தான் அந்தப் பயிற்சி. ஏஜென்ட் கொடுக்கும் தாளில் அது வராது.

போஸியட் என்று சொல்லப்படும் அடிப்படைப் பயிற்சி பொதுவாக மூன்று நாள். கடலில் தப்பிப் பிழைத்தல், ஹெலிகாப்டரிலிருந்து வெளியேறுதல், தீயணைப்பு, முதலுதவி எல்லாம் அதில் உண்டு. நாலு வருஷம் செல்லும். அங்கீகாரம் பெற்ற மையங்களின் பட்டியல், இந்தப் பயிற்சிக்குத் தரம் வகுக்கும் ஓப்பிட்டோ அமைப்பின் இணையதளத்தில் இருக்கிறது. கோவாவில் பேத்துல் என்ற இடத்தில் ஓ.என்.ஜி.சி.யின் பாதுகாப்புப் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. எந்தச் சான்று செல்லும் என்று ரிக் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். போலித் தாள் பிடிபட்டால் வேலை போகும், பெயரும் கெடும். பிடிபடாவிட்டால் அதைவிட மோசம்.

படகிலிருந்து ரிக்குக்குக் க்ரேன் கூடையில் ஏற்றும் வழக்கமும் உண்டு. லைஃப் ஜாக்கெட் போட்டு, பையை நடுவில் வைத்து, கைகளை வலைக்குள் கோர்த்து, முட்டியைக் கொஞ்சம் மடக்கி நில்லுங்கள். ஆளைத் தூக்க அனுமதி உள்ள க்ரேனா, இரண்டாவது பாதுகாப்பு ஸ்லிங் இருக்கிறதா என்று பாருங்கள். தூக்கிய உடனே டெக்கின் மேல் ஆட்டாமல் கடலின் மேல் கொண்டுபோய் உயர்த்த வேண்டும். காற்று 25 நாட் வேகத்தை (மணிக்கு 25 கடல் மைல்) தாண்டினால் பல கம்பெனிகள் அனுமதிப்பதில்லை. மும்பை ஹை நார்த் பிளாட்ஃபார்ம் 2005 ஜூலை 27 அன்று எரிந்து 22 பேர் இறந்ததன் தொடக்கம், கப்பலில் விரலை வெட்டிக்கொண்ட ஒருவரை மருத்துவத்துக்காகக் கூடையில் பிளாட்ஃபார்முக்கு மாற்றப் போனதுதான். பருவமழையில் ஹெலிகாப்டர் பறக்க முடியவில்லை. கப்பலின் உந்துவிசை இயந்திரத்திலும் கோளாறு இருந்தது. கப்பல் அலையில் தூக்கி எறியப்பட்டு, வாயு மேலே வரும் ரைசர் குழாயில் மோதியது. ஒரு சிறிய காயம் அவ்வளவு தூரம் போயிற்று.

ஏஜென்டிடம் இன்னொன்றும் கேளுங்கள்: படுக்கை ரிக்கிலேயா, தனி பார்ஜிலா (தட்டையான மிதவைக் கப்பல்)? 2021 மே மாதம் டவ்தே புயலில் மும்பைக் கடலில் மூழ்கிய பி-305 சொந்த எஞ்சின் இல்லாத தங்கும் பார்ஜ். நங்கூரங்கள் அறுந்து, பிளாட்ஃபார்ம் ஒன்றில் மோதி மூழ்கியது. இருந்த 261 பேரில் 186 பேரைத்தான் உயிரோடு மீட்க முடிந்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடல் எப்படி இருக்கும் என்று திருவொற்றியூர்க்காரருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. புயல் எச்சரிக்கை வந்தால் எத்தனை மணி நேரத்துக்கு முன்பே ஆட்களை இறக்குவார்கள் என்ற விதி எழுத்தில் இருக்க வேண்டும். ஏறிய அன்றே அவசரத்தில் கூடும் இடமான மஸ்டர் ஸ்டேஷன், உங்கள் லைஃப்போட் எண், அங்கே போக இரண்டு வழிகள் ஆகியவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு போகும் அளவுக்கு நடந்து பாருங்கள்.

மறுக்க முடியுமா என்று கேட்டீர்கள். முடியும். இந்தியக் கடலில் இந்தப் பணிகளுக்கு 2008-ல் வந்த தனிப் பாதுகாப்பு விதிகள் இருக்கின்றன, ஓ.ஐ.எஸ்.டி. (எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககம்) என்ற அமைப்பு அதைக் கண்காணிக்கிறது. பாதுகாப்பில்லாத வேலையை யாரும் நிறுத்தலாம் என்று நல்ல ரிக் கம்பெனிகள் கொள்கையாகவே எழுதி, கார்டும் கொடுக்கின்றன. ஆனால் கான்ட்ராக்ட் ஆள் மறுத்தால் அடுத்த முறை கூப்பிடாமல் விட்டுவிடுவார்களோ என்ற பயம் வெறும் கற்பனை என்று நான் சொல்லமாட்டேன். ஆகவே மறுக்கும் விதம் முக்கியம். முடியாது என்று சொல்லி நிற்பதைவிட, "சார், பூட்டு போட்டாச்சான்னு ஒரு தடவ பார்த்துட்டு வந்துடுறேன்", "கேஸ் டெஸ்ட் ரீடிங் பெர்மிட்ல இல்ல சார், போட்டதும் இறங்குறேன்" என்று விடுபட்ட படியைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். நாலு பேர் இருக்கும்போது, முடிந்தால் வேலை தொடங்குமுன் நடக்கும் டூல்பாக்ஸ் பேச்சிலேயே கேளுங்கள். சூப்பர்வைசர் அப்படியும் வற்புறுத்தினால் சேஃப்டி ஆஃபீசரிடமோ ரிக்கின் தலைமைப் பொறுப்பாளரான ஓ.ஐ.எம்.மிடமோ நேரே போகலாம். தேதி, நேரம், எந்த வேலை, யார் சொன்னது என்று உங்கள் நோட்டில் எழுதி வையுங்கள். ஒருவேளை அந்த இடம் உங்களைத் திரும்பக் கூப்பிடாமல் போனால், மணலியிலேயே ஷட்டவுன் வேலை பார்த்துக்கொண்டு வேறு ரிக்குக்குக் காத்திருப்பது மேல்.

கையெழுத்துப் போடும் முன் ஆஃபர் லெட்டரில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்: உங்கள் முதலாளி கம்பெனியின் பெயர், ரிக்கின் பெயர், ரிக்கை நடத்தும் கம்பெனியின் பெயர், பயிற்சிச் செலவும் மருத்துவப் பரிசோதனைச் செலவும் யாருடையது, விபத்துக் காப்பீட்டுத் தொகையும் அதன் வாரிசாக அம்மாவின் பெயரும், கரையிலிருந்து ரிக்குக்குப் பேசும் அவசர எண். பாலிசியின் நகல் ஒன்றும் அந்த எண்ணும் திருவொற்றியூர் வீட்டில் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்றை "அதெல்லாம் அப்புறம் வரும்" என்று ஏஜென்ட் சொன்னால், வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.